பிக்குவின் நீர் வடிகட்டி





துறவு பூண்ட பிக்கு தமக்கென வைத்துக்கொள்ளும் பொருள்கள் எட்டு என்று நம் மரபு கூறும். மூன்று சீவர ஆடைகள், ஐயம் ஏற்கும் பாத்திரம், இடைக்கச்சை, மழிக்கும் கத்தி, ஊசி, நீர் வடிகட்டி என்பன அவை. வீடும் நிலமும் பொன்னும் துறந்தவர்க்கு உடையும் பாத்திரமும் வேண்டுமென்பது எளிதில் விளங்கும். நீர் வடிகட்டி எதற்கு? ஒரு முழத் துணியைப் பகவான் ஏன் துறவியின் இன்றியமையாத உடைமையாக ஆக்கினார்? இன்று நாம் சிந்திக்க எடுத்துக்கொண்ட பொருள் இதுவே. உண்ணும் உணவைக் காட்டிலும் அடிக்கடி நாம் நாடுவது நீர். அதனைத் தூய்மையாக்கிப் பருகுவது உடலுக்கு மட்டும் உரிய செய்தியன்று. தம்மத்துக்கும் உரிய செய்தி என்பதை இவ்வடிகட்டி நமக்குக் கற்பிக்கிறது.

விநய பிடகத்தின் சுள்ளவக்கத்தில் ஒரு வரலாறு உண்டு. கோசல நாட்டில் இரு பிக்குகள் வழிநடந்து சென்றனர். அவர்களுள் ஒருவர் தகாத ஒழுக்கம் ஒன்றில் ஈடுபட்டார். மற்றவர், “நண்பரே, இது நமக்கு ஆகாது” என்று இடித்துரைத்தார். அறிவுரை கேட்டவர் மனத்தில் பகை குடிகொண்டது. வழியில் இடித்துரைத்தவர்க்குக் கடும் நாவறட்சி உண்டாயிற்று. அவரிடம் வடிகட்டி இல்லை. தோழரை நோக்கி, “உமது வடிகட்டியைச் சற்றுத் தாரும், நீர் பருக வேண்டும்” என்று வேண்டினார். பகை கொண்டவர் தர மறுத்துவிட்டார். வடிகட்டாத நீரைப் பருகலாகாது என்னும் விதியைக் கைவிட மனமின்றி, அப்பிக்கு தாகத்தாலேயே உயிர் நீத்தார்.

செய்தி பகவானிடம் எட்டியது. அவர் மறுத்தவரைக் கண்டித்தார். வழிச்செல்லும் பிக்கு வேறொரு பிக்கு கேட்கும்போது வடிகட்டியைக் கொடாதிருத்தல் குற்றம் என விதித்தார். வடிகட்டியின்றிப் பயணம் புறப்படுதலும் குற்றம் என்றார். வடிகட்டி இல்லாவிடில் மேலாடையின் முனையைக் கொண்டேனும், ‘இதனால் வடித்துப் பருகுவேன்’ என்று உறுதி செய்துகொண்டு பருகலாம் என வழியும் காட்டினார்.

இவ்வரலாற்றில் இரு கடமைகள் பிணைந்திருக்கின்றன. நீரை ஆராய்ந்து வடித்துப் பருகுதல் ஒன்று. அதற்குரிய கருவியைப் பிறர்க்கு மறுக்காதிருத்தல் மற்றொன்று. முதற்கடமையை நிறைவேற்றியவர் இறந்தார். இரண்டாம் கடமையை மீறியவர் அவர் இறப்புக்குக் காரணமானார். நீர் அருகில் இருந்தது, துணியும் இருந்தது, மனத்தில் மட்டும் மைத்திரி இல்லை.

இனி, நீருக்குத் தூய்மை என்றால் என்ன என்று ஆராய்வோம். நம் நாட்டில் இச்சொல் நெடுங்காலம் பெரும் மயக்கத்துக்கு இடமாயிருந்தது. நீருக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பதை விட்டு, அந்நீரை யார் தொட்டார் என்று பார்த்தனர். நோயைத் தரும் நீரைத் தீர்த்தம் என்று தலையில் தெளித்துக்கொண்டனர். மனிதன் ஒருவன் தொட்ட நல்ல நீரைத் தீட்டு என்று கீழே ஊற்றினர்.

இம்மயக்கத்தை முதன்முதல் வெளிப்பட எடுத்துரைத்தவர்களுள் ஒருவர், நீர் சுமந்து பிழைத்த ஓர் அடிமைப் பெண் என்பது நாம் பெருமை கொள்ளத்தக்கது. அனாத பிண்டிகரின் இல்லத்தில் பணிபுரிந்த புண்ணிகை அவர். கடுங்குளிரில் ஆற்றில் மூழ்கி நடுங்கிய அந்தணர் ஒருவரை நோக்கி, எதன்பொருட்டு இத்துன்பம் என்று வினவினார். செய்த தீவினையைக் கழுவ என்று அவர் விடை கூறினார். நீராடுவதால் வினை தீருமாயின், மீனும் தவளையும் ஆமையும் முன்னரே விண்ணுலகம் புகுந்திருக்க வேண்டுமே என்றும், ஆறு தீவினையை அடித்துச் செல்லுமாயின் நல்வினையையும் உடன் அடித்துச் செல்லுமே என்றும் புண்ணிகை கேட்டார். அந்தணர் அறிவு தெளிந்து திரிசரணம் ஏற்றார். பின்னர் சங்கத்தில் சேர்ந்து அரகந்த நிலை எய்திய புண்ணிகையின் உரை தேரிகாதையில் இடம்பெற்றுள்ளது.

ஏறத்தாழ இரண்டாயிரத்தைந்நூறு ஆண்டுகள் கழிந்தும் அம்மயக்கம் தீரவில்லை. மகாராட்டிரத்து மகாடு நகரின் சவுதார் குளம் அதற்குச் சான்று. பொதுக் குளங்களை யாவரும் பயன்படுத்தலாம் என்று பம்பாய்ச் சட்டமன்றம் 1923-ஆம் ஆண்டில் தீர்மானித்தது. மகாடு நகராட்சியும் 1924-இல் அக்குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. ஆயினும் நம்மவர் அந்நீரை அணுக முடியவில்லை. 1927-ஆம் ஆண்டு மார்ச்சு 20-ஆம் நாள் போதிசத்துவர் பாபாசாகேப் டாக்டர் அம்பேத்கர் அவர்கள் பெருந்திரளான மக்களுடன் ஊர்வலமாகச் சென்று அந்நீரை அள்ளிப் பருகினார். அதன்பின் மக்கள் தாக்கப்பட்டனர். குளம் தீட்டுப்பட்டுவிட்டது என்று கூறி, சாணமும் கோமியமும் பாலும் தயிரும் நிறைந்த 108 குடங்களை மந்திரம் ஓதி அதில் மூழ்குவித்துத் ‘தூய்மை’ செய்தனர். வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்து, 1937-ஆம் ஆண்டு மார்ச்சு 17-ஆம் நாள் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் நம்மவர்க்கு வெற்றியாக முடிந்தது.

அன்பர்களே, அன்று நிகழ்ந்ததை எண்ணிப் பாருங்கள். தாகம் கொண்ட மனிதன் கையால் அள்ளிய நீர் தீட்டாயிற்றாம்; சாணம் கலந்த நீர் தூய்மையாயிற்றாம். சாணத்தில் நோய்க்கிருமிகள் வாழும் என்பதை இன்று பள்ளிச் சிறுவரும் அறிவர். பொய்த்தூய்மை மனிதனை இழிவுபடுத்தியது, நீரையும் கெடுத்தது.

பொய்த்தூய்மையை நாம் விட்டொழித்தோம். அவ்வளவில் மெய்த்தூய்மை தானே வந்து சேருமா? சேராது. அதனை அறிவாலும் உழைப்பாலும் தேடிக்கொள்ள வேண்டும். இங்கு வேறொரு மயக்கம் நம் முன் நிற்கிறது. தெளிந்த நீரெல்லாம் நல்ல நீர் என்று எண்ணுவதே அது.

1854-ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் பிராடு தெரு என்னும் பகுதியில் காலரா பரவிச் சில நாட்களில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். காற்றின் கெட்ட நாற்றமே காரணம் என்று பெரும்பாலான மருத்துவர் நம்பிய காலம் அது. ஜான் ஸ்னோ என்னும் மருத்துவர் இறந்தோர் வீடுகளைக் கணக்கெடுத்தார். அவர்களுள் பெரும்பாலோர் ஒரே அடிகுழாயின் நீரைப் பருகியவர் என்று கண்டார். அக்குழாயின் நீர் சுவை மிக்கதெனப் பெயர் பெற்றது. தொலைவிலுள்ள ஹாம்ப்ஸ்டெட் பகுதியில் வாழ்ந்த கைம்பெண் ஒருவர், அச்சுவையை விரும்பி அந்நீரை நாள்தோறும் வருவித்துப் பருகினார். அவரும் காலராவுக்கு இரையானார். ஸ்னோவின் சொற்படி செப்டம்பர் 8-ஆம் நாள் குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது. அருகிலிருந்த வீட்டின் மலக்குழியிலிருந்து கிணற்றுக்குள் கசிவு ஏற்பட்டிருந்தமை பின்னர்த் தெரிந்தது. முப்பது ஆண்டு கழித்து, 1884-இல், ஜெர்மானிய அறிஞர் இராபர்ட் கோக் நம் கல்கத்தாவுக்கு வந்து, மக்கள் பருகிய குளத்து நீரிலேயே காலராக் கிருமியைக் கண்டறிந்தார்.

கண்ணுக்குத் தெளிவு, நாவுக்குச் சுவை, உள்ளே நஞ்சு என்பதாக நீர் இருக்கக்கூடும். ஆகவேதான் ஆராயாமல் எதனையும் ஏற்காதீர் என்று காலாமர்க்குப் பகவான் அருளிய அறிவுரை குடத்து நீருக்கும் பொருந்துகிறது. ஏழாம் நூற்றாண்டில் சீனத்திலிருந்து வந்து நாளந்தாவில் பல்லாண்டு தங்கிக் கற்ற இத்சிங் என்னும் பிக்கு, ஒவ்வொரு நாள் காலையிலும் நீரை ஆராய வேண்டும் என்பதையும், வடிகட்டியில் சிக்கிய சிற்றுயிர்களை மீண்டும் நீரிலேயே விடவேண்டும் என்பதையும் விரிவாக எழுதி வைத்துள்ளார்.

உண்மையை உள்ளவாறே கூறவேண்டும். வடிகட்டி விதிக்கப்பட்டது நோய்க்கிருமியை நோக்கியன்று; நீரில் வாழும் சிற்றுயிர்கள் நம்மால் மடியலாகாது என்னும் கருணையை நோக்கியே. உயிர்கள் உள்ள நீரென்று அறிந்தே அதனைப் பயன்படுத்துவதையும், அறிந்தே புல்லின்மீதோ மண்ணின்மீதோ ஊற்றுவதையும் பாதிமொக்க விதிகள் இரண்டு தடுக்கின்றன. ஆயினும் பிற உயிருக்காக மேற்கொண்ட அக்காப்பு நம் உயிரையும் காத்து நின்றது என்பதை அண்மைக்கால அறிவியல் மெய்ப்பித்திருக்கிறது.

வங்கதேசத்தின் மட்லப் வட்டாரத்தில் ரீட்டா கோல்வெல் என்னும் அமெரிக்க அறிவியல் அறிஞரும் அவருடன் உழைத்தோரும் ஓர் ஆய்வு நடத்தினர். காலராக் கிருமி குளத்து நீரிலுள்ள நுண்ணிய மிதவை உயிர்களின்மேல் ஒட்டிக்கொண்டு வாழ்வதை அவர் அறிந்திருந்தார். அவ்வுயிர்களை வடித்தெடுத்தால் கிருமியின் பெரும்பகுதியும் உடன் நீங்கும் அன்றோ? பழைய புடைவைத் துணியை நான்காகவோ அதற்கு மேலோ மடித்துக் குடத்தின் வாயில் கட்டி நீர் மொள்ளுமாறு பெண்களுக்குக் கற்பித்தனர். பலமுறை துவைத்த துணியின் நூலிழைகள் பருத்து நெருங்குவதால், புதுத்துணியைவிடப் பழந்துணியே நன்கு வடிக்கும். 65 ஊர்களில் ஏறத்தாழ 1,33,000 மக்களிடையே நடந்த அவ்வாய்வின் முடிவு 2003-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. துணியால் வடித்த ஊர்களில் காலரா ஏறத்தாழப் பாதியாக, அஃதாவது நூற்றுக்கு 48 பங்கு, குறைந்திருந்தது. ஏழைத் தாயின் பழம்புடைவை செய்த தொண்டு இது. மேலாடையின் முனையைக் கொண்டேனும் வடித்துப் பருகுக என்று பகவான் மொழிந்ததன் பயனை நாம் இங்கே காண்கிறோம்.

ஆனால் பாதி குறைந்தது என்றால் பாதி எஞ்சியது என்றும் பொருள். துணி மட்டும் போதாது. டைபாய்டு, வயிற்றுப்போக்கு, மஞ்சட்காமாலை ஆகியவற்றைத் தரும் கிருமிகள் துணியின் கண்ணில் சிக்காதவை. அவற்றை அழிக்க நீரைக் கொதிக்கவைக்க வேண்டும். இல்லையேல் குளோரின் மருந்து இட வேண்டும். உடனே ஒரு வினா எழலாம்: “கிருமியைக் கொல்லுதல் பாணாதிபாதம் ஆகாதா? முதற்சீலம் கெடாதா?” கெடாது என்பதே நம் விடை. விநயம் குற்றமாகக் கொள்வது, உயிர் இருப்பதை அறிந்து அது மடியும்படி நீரைப் பயன்படுத்துவதை. வடிகட்டியில் பிடிபடும் புழுவையும் பூச்சியையும் கருதியே அவ்விதி எழுந்தது. கொலை என்பது கொல்லும் எண்ணத்தைப் பற்றியது. குழந்தையைக் காக்கும் எண்ணத்துடன் நீரைக் காய்ச்சும் தாயிடம் அவ்வெண்ணம் இல்லை. கண்ணுக்குப் புலனாகும் சிற்றுயிரை முதலில் வடித்து அதனிடத்தில் விட்டுவிட்டு, பின்னர் நீரைக் கொதிக்கவைப்பவர் கருணை, அறிவு இரண்டையும் ஒருசேரக் காத்தவராவார்.

இனி ஒவ்வோர் இல்லத்திலும் நாம் மேற்கொள்ள வேண்டிய முறையை வரிசைப்படக் கூறுவோம்.

முதலாவது, தெளியவைத்தல். கலங்கிய நீரை அசைக்காமல் வைத்தால் மண் அடியில் படியும். தேற்றாங்கொட்டையைப் பாண்டத்தின் உட்புறத்தில் உரைத்தாலும், சிறிதளவு படிகாரம் சேர்த்தாலும் விரைவில் தெளியும். இது கலங்கலை நீக்குமேயன்றிக் கிருமியை முற்றிலும் நீக்காது.

இரண்டாவது, வடித்தல். தூய பழந்துணியை நான்கு மடிப்புக்குக் குறையாமல் மடித்து வடிக்க வேண்டும். வடித்தபின் துணியைத் திருப்பி, வடித்த நீராலேயே அலசி, வெயிலில் உலர்த்த வேண்டும். நேற்றைய அழுக்குடன் இன்றும் வடித்தால் வடித்தும் பயனில்லை.

மூன்றாவது, கொதிக்கவைத்தல். ஆவி தோன்றியதும் இறக்கிவிடலாகாது. நீர் பொங்கிப் புரளத் தொடங்கியபின் ஒரு நிமிடமேனும் கொதிக்க வேண்டும். உயர்ந்த மலைப்பகுதியில் மூன்று நிமிடம். விறகுக்கும் எரிவாயுவுக்கும் வழியற்றோர், தெளிந்த நீரை நிறமற்ற தெளிவான பிளாஸ்டிக் புட்டிகளில் நிரப்பி, நல்ல வெயிலில் ஆறு மணி நேரம் கிடத்திவைத்தாலும் கிருமிகள் பெரிதும் அழியும். வானம் மூடியிருப்பின் இரண்டு நாள் வைக்க வேண்டும்.

நான்காவது, காத்துவைத்தல். காய்ச்சிய நீரில் கையை நனைத்து மொள்ளுவோமாயின் செய்த உழைப்பெல்லாம் வீணாகும். பாண்டத்துக்கு மூடி வேண்டும். நீண்ட பிடியுள்ள அகப்பையோ அடியில் குழாயோ வேண்டும். மலம் கழித்து வந்தபின்னும், சமைக்குமுன்னும், குழந்தைக்கு ஊட்டுமுன்னும் சோப்பிட்டுக் கை கழுவ வேண்டும்.

ஐந்தாவது, கிணற்றைக் காத்தல். கிணற்றுக்கும் கழிப்பிடத்துக்கும் இடையே 15 மீட்டர் தொலைவேனும் இருத்தல் வேண்டும். நீரில் மலசலம் கழித்தலையும் எச்சில் உமிழ்தலையும் பிக்குகளுக்கு விலக்கும் ஒழுக்கவிதி உண்டு. அதனை இல்லறத்தாரும் கொள்வது நன்று. கிணற்றுக்கு மருந்திடுவதற்கு, 1,000 லிட்டர் நீருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் என்பது பொதுக் கணக்கு. 2 மீட்டர் விட்டமும் 3 மீட்டர் நீராழமும் உள்ள கிணற்றில் ஏறத்தாழ 9,400 லிட்டர் நீர் இருக்கும். அதற்கு 24 கிராம் அளவு வேண்டும். பவுடரை வாளி நீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்தபின், மேலே தெளிந்த நீரை மட்டும் கிணற்றில் கலந்து, ஒரு மணி நேரம் கழித்தே மொள்ள வேண்டும். இரவில் மருந்திட்டால் காலையில் பயன்படுத்தலாம். மிகவும் அழுக்கடைந்த கிணற்றுக்கு அளவு கூடும். சுகாதார ஆய்வாளரைக் கேட்டுச் செய்க. திறந்துவைத்த பவுடர் வீரியம் இழக்கும் என்பதையும் மறவாதீர்.

மற்றொன்றும் அறிதல் வேண்டும். புளோரைடு, ஆர்சனிக் போன்ற நஞ்சுகள் கலந்த நிலத்தடி நீரைக் கொதிக்கவைப்பதால் அந்நஞ்சு போகாது. நீர் சுண்டச்சுண்ட அது செறியும். அத்தகைய இடங்களில் நீரை ஆய்வுக்கூடத்தில் சோதித்து, மாற்று ஊற்றைத் தேடுவதே வழி. நோய்க்கு ஏற்ற மருந்து போல, கேட்டுக்கு ஏற்ற முறையே பயன் தரும்.

சகோதர சகோதரிகளே, இதுவரை கூறியது முதற்கடமை. இரண்டாம் கடமையான வடிகட்டியை மறுக்காதிருத்தலைப் பற்றிச் சில கூறி முடிப்போம்.

2022-ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியில் தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்து வேங்கைவயலில், பட்டியலின மக்கள் பருகிய மேல்நிலைத் தொட்டியில் மனித மலம் கலந்திருந்தது. குழந்தைகள் நோயுற்ற பின்னரே அது வெளிப்பட்டது. குற்றம் புரிந்தவர் எவர் என்பது இங்கு நம் ஆராய்ச்சியன்று. ஓர் ஊரின் நீர் காவலின்றியும் சோதனையின்றியும் கிடந்தால், அதன் துன்பம் முதலில் பச்சிளங் குழந்தைகளைச் சேரும் என்பதே நாம் நெஞ்சில் இருத்த வேண்டியது. பொதுக் கிணறும் குளமும் யாவர்க்கும் உரியன என்று நம் அரசியலமைப்பின் 15-ஆம் உறுப்பு உறுதி கூறுகிறது. அவ்வுரிமை நீரை அணுகுவதோடு நிற்பதன்று. தொட்டி எப்போது கழுவப்பட்டது, குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினேனும் எஞ்சியிருக்கிறதா என்று ஊராட்சியையும் நகராட்சியையும் கேட்பதும் அதில் அடங்கும். கேட்பது பிச்சையன்று, உரிமை.

பிறரைக் கேட்குமுன் நம்மையும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். திரிசரணம் ஏற்றபின்னும், உட்பிரிவு பார்த்துக் குழாயடியில் குடத்தை ஒதுக்கிவைக்கும் வழக்கம் நம் தெருக்களில் எங்கேனும் எஞ்சியிருக்கிறதா? பழம்பகை காரணமாக அண்டை வீட்டாருக்குக் கிணற்றுக் கயிற்றை மறுப்பவர் உளரா? இருப்பின், கோசல நாட்டு வழியில் வடிகட்டியை மறுத்த பிக்குவுக்கும் அவர்க்கும் வேறுபாடு யாது? மாதங்க குலப் பெண்ணிடம் ஆனந்தர் தண்ணீர் கேட்டபோது அவள் தன் குலத்தைக் கூறித் தயங்கினாள். குலத்தைக் கேட்கவில்லை, நீரையே கேட்டேன் என்று ஆனந்தர் விடை பகர்ந்தார். அவ்விடையைச் சொல்லத் தகுதி பெற்றவரே பௌத்தர். அசோக மன்னர் வழிநெடுகக் கிணறு தோண்டியபோது மனிதர்க்கும் விலங்குக்கும் என்றே கல்வெட்டில் பொறித்தார்.

ஆகவே நம் சங்கத்தின் ஒவ்வொரு கிளையிலும் மூன்று பணிகளை மேற்கொள்வோமாக. வரும் பௌர்ணமியன்று உபோசதம் காப்போர், வந்தனை முடிந்ததும் தத்தம் தெருவின் கிணற்றையும் தொட்டியையும் சென்று பார்க்கட்டும். கல்வி கற்ற இளைஞர், தாய்மார்க்கு வடிக்கும் முறையையும் மருந்திடும் அளவையும் செய்து காட்டட்டும். விகாரையின் வாயிலில் மூடியிட்ட பாண்டத்தில் காய்ச்சி ஆறிய நீர் எந்நாளும் இருக்கட்டும். அதனைப் பருக வருபவரை எவர் என்று வினவாதிருப்போமாக.

அந்த இரு பிக்குகளுள் ஒருவர் தாகத்தால் மாண்டார். அவரைக் காக்க ஒரு முழத் துணி போதுமானதாயிருந்தது. நம் கையிலும் அத்துணி உண்டு. அதனால் நீரை வடிப்போம். கேட்பவர்க்கு மறுக்காமல் கொடுப்போம்.

பவது சப்ப மங்களம்.